பிணத்துக்குக் கிடைத்த கேடயம்

சிறந்த நடிப்புக்கான கேடயம் மாரிராஜுக்கு என்று மைக்கில் சொன்னதும், கல்யாண மண்டபத்தில் இருந்த பாதிப் பேர் யார் அந்த மாரிராஜ் என்று பக்கத்து ஆளிடம் கேட்டார்கள். மீதிப் பேர், "தறிக்கார மாரிராஜா? அவன் பொணமால்லா கெடந்தான்!" என்று வாய்விட்டுச் சிரித்தார்கள். கேடயத்துக்குரிய மகராசனோ பின்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பொண்டாட்டி ராஜகுமாரிதான் விலாவில் ஒரு இடி கொடுத்து எழுப்பினாள்.

"அத்தான், எந்திரிங்க. உங்களைத்தான் கூப்பிடுதாங்க."

"ஏன், வண்டி வந்துட்டா?"

"வண்டியும் வரல, வாகனமும் வரல. பரிசு குடுக்காங்க. போயி வாங்கிட்டு வாங்க."

அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டே மேடைக்குப் போனான். கழுத்தில் பிணத்துக்குப் போட்ட சம்பங்கி மாலையின் நார் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லோரும் கைதட்ட, ராஜகுமாரியும் தட்டினாள். தட்டினாளே தவிர வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? அந்த நாடகத்தில் தொண்டை கிழிய ஒப்பாரி வைத்தவள் அவள்.

சங்கரன்கோவிலில் கழுகுமலை ரோட்டுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் அவர்கள் வீடு. தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம்தான். மாரிராஜ் நைட் ஷிப்டில் தறி ஓட்டுகிறவன். ராஜகுமாரி அதே தெருவில் இன்னொரு கூடத்தில் பகலில் தார் சுற்றுகிறாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற நூல்கட்டைக்குத்தான் தார் என்று பெயர். அவன் வரும்போது இவள் கிளம்புவாள், இவள் வரும்போது அவன் கிளம்புவான். சோற்றுச்சட்டிதான் இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

தையற்கடை காசிராஜன் எழுதிய நாடகம் அது. வட்டார நாடகப் போட்டிக்கு 'யார் கொள்ளி?' என்று பெயர் வைத்து எழுதியிருந்தார். நடுவீட்டில் அண்ணன் பிணமாகக் கிடக்கிறான். தம்பிமார் இரண்டு பேரும் யார் கொள்ளி வைப்பது என்று முக்கால் மணி நேரம் சண்டை போடுகிறார்கள். பெரிய தம்பி வேஷம் காசிராஜனுக்கே. கடைசியில் செத்தவனின் பொண்டாட்டி ஒப்பாரி வைத்து, "உசுரோட இருந்தப்ப இவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுத்தது யாரு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கிறாள். அந்தப் பொண்டாட்டி வேஷத்துக்குக் காசிராஜன் தேடி வந்தது ராஜகுமாரியைத்தான். மேலத்தெரு துஷ்டி வீட்டில் அவள் வைத்த ஒப்பாரியைக் கேட்டுக் கொட்டடிக்கிறவர்களே குச்சியைக் கீழே வைத்ததை அவர் பார்த்திருந்தார்.

மாரிராஜுக்குப் பிடிக்கவில்லை. "ஊருக்கு முன்னால மேடையில ஏறி மாரடிக்கப் போறியாக்கும்?" என்று குதித்தான். அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, குழம்பில் உப்பைக் கூட்டியும் குறைத்தும் போட்ட பிறகு இறங்கி வந்தான். "சரி, ஒரு தடவ. பரிசு வாங்கிட்டேன்னா அதுக்குப் பொறவு உன் இஷ்டம்போல நடி. நான் வாயத் தொறக்க மாட்டேன். வாங்கலன்னா அன்னைக்கே நடிப்ப மூட்டை கட்டிரணும். சம்மதமா?" அவள் சம்மதித்தாள். பரிசு தனக்குத்தான் என்று உள்ளுக்குள் அவளுக்கு ஒரு தைரியம்.

ஒத்திகையில் ஒரு விஷயத்தை மட்டும் அவர்கள் தொடவில்லை. எழவு விழாத இடத்தில் சும்மா ஒப்பாரி வைக்கக் கூடாது, வைத்தால் எழவு தேடி வரும் என்பது அங்கே வழக்கம். அதனால் அந்த இடம் வந்ததும் காசிராஜன் கையைக் காட்டுவார். "இங்கன ஒப்பாரி" என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவார்கள். மேடை ஏறும்வரை அவளுடைய ஒப்பாரியை ஒருத்தரும் கேட்டதில்லை.

பிணத்துக்குப் பேசி வைத்திருந்த ஆள் சண்முகையா. போட்டியன்று காலையில் அவன் அம்மா மண்டபத்துக்கே வந்துவிட்டாள். "உசுரோட இருக்க பிள்ளைக்கு மாலையப் போட்டு, நெத்தியில காச வச்சுப் படுக்க வைக்கேளா? நீங்க வெளங்குவேளா?" என்று மண்ணை வாரித் தூற்றிவிட்டு மகனைக் கையோடு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாடகம் இவர்களுடையது. காசிராஜன் தலையில் கை வைத்து உட்கார்ந்த நேரம் பார்த்து, ஷிப்ட் முடிந்து தலையில் பஞ்சோடு மாரிராஜ் வந்து சேர்ந்தான்.

"மாப்ள, சும்மா படுத்துக் கெடக்கணும். அவ்வளவுதான்" என்றார் காசிராஜன்.

"படுக்கதுக்கு எடம் இருக்கா?"

"பெஞ்சு போட்டிருக்கு. தலைக்குத் தலையாணி உண்டு."

"அப்பச் சரி."

ராஜகுமாரிக்குத்தான் பகீரென்றது. கட்டின புருசனைக் கிடத்தி வைத்து ஒப்பாரி வைக்கிறதா? மாமியாருக்குத் தெரிந்தால் வீடு ரெண்டாகும். ஆனால் பெயர் கூப்பிட்டுவிட்டார்கள். தாலியைக் கண்ணில் ஒற்றி ரவிக்கைக்குள் தள்ளிவிட்டு, கோமதி அம்மனுக்கு மாவிளக்கு போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டு மேடை ஏறினாள்.

நைட் ஷிப்டில் தறிக்காரர்கள் இரண்டிரண்டு பேராக மாற்றி மாற்றிக் கண்ணயர்வது உண்டு. தறி ஓடுகிற சத்தத்தில் அவர்களுக்கு அப்படி ஒரு தூக்கம் வரும். கரண்ட் போய்ச் சத்தம் நின்றால்தான் திடுக்கிட்டு விழிப்பார்கள். மேடையில் கொட்டுச் சத்தம், தம்பிமார் சண்டை, ஒப்பாரி என்று அவ்வளவும் மாரிராஜுக்குத் தாலாட்டாக இருந்தது. சுகமாகத் தூங்கினான். ஒப்பாரி முடிந்து அவள் தன் கேள்வியைக் கேட்டதும் மேடையில் ஒருத்தரும் பேசக் கூடாது என்று காசிராஜன் எழுதி வைத்திருந்தார். கொட்டு நின்றது. சண்டை நின்றது. மண்டபமே அடங்கிவிட்டது.

பிணம் கண்ணைத் திறந்துவிட்டது.

எந்தத் தறி நின்றது என்று தேடுகிறவன்போல அவன் கண் அப்படியும் இப்படியும் போனது. ராஜகுமாரியின் கை தன்னால் போய் அவன் கண்ணை மூடியது. "இன்னும் எதப் பாக்கதுக்கு முழிக்கீங்க? பாத்தது போதும், மூடுங்க" என்றாள். காசிராஜன் எழுதாத வசனம். மண்டபத்தில் பெண்கள் விசும்புகிற சத்தம் கேட்டது.

நாடகத்துக்கு முதல் பரிசு ராயகிரிக்காரர்களுக்கு, இரண்டாம் பரிசு இவர்களுக்கு. இரண்டு குழுவும் தென்காசியில் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். நடிப்புக்கு இருந்தது ஒரே ஒரு கேடயம். அது பிணத்துக்குப் போயிற்று.

மறுநாளிலிருந்து காசிராஜன் தையற்கடையில் துணி தைத்ததைவிட நியாயம் பேசியதுதான் அதிகம்.

"நாலு பக்க வசனத்த ஒரு எழுத்து விடாமச் சொன்னேன் வே. மூச்சு விடக்கூட நேரமில்ல. பேசாமக் கெடந்தவனுக்குக் கேடயம்னா, நாடகத்துக்கே வராதவனுக்கு மொதப் பரிசு குடுத்திருக்கணும்லா?" என்றார் காசிராஜன்.

"அப்படிப் பாத்தா எனக்குத்தான் குடுக்கணும்" என்றான் சண்முகையா.

"உனக்கு எதுக்குலே?"

"அந்தப் பெஞ்சு என் பெஞ்சு. எங்கம்மா மட்டும் வரலன்னா கேடயம் எங்க வீட்டு டிவி மேலல்லா இருந்திருக்கும்."

"போலே அங்கிட்டு, சவத்துப் பயலே."

சட்டைக்கு அளவு கொடுக்க வந்த குருவிகுளத்துக்காரர் ஒருவர், "நான் பாத்தேன் அண்ணாச்சி. அந்தக் கண்ணு தொறந்த எடம் இருக்கே, எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. பெரிய நடிகன்வே அவன்" என்றார். காசிராஜன் அவர் கழுத்தளவை எடுத்த எடுப்பில் அந்த மனிதருக்கு இருமல் வந்துவிட்டது.

ஊரே பேசியது. பிணத்துக்குக் கொடுத்தது சரியா தப்பா, காசிராஜனுக்குக் கொடுத்திருக்கலாமா, ராயகிரிக்காரனுக்குப் போயிருக்க வேண்டுமா என்றெல்லாம் பேசினார்கள். ராஜகுமாரி எப்படி நடித்தாள் என்று ஒரு வாய் பேசவில்லை. தண்ணீர்க் குழாயடியிலும், தார் மிஷினுக்குப் பக்கத்திலும் அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுப் பார்த்தாள். அவள் பேச்சு வரவே இல்லை.

வீட்டில் கேடயம் டிவிக்கு மேலே ஏறி உட்கார்ந்துகொண்டது. மாமியார் கோமதித்தாய் மகனுக்கு மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டாள். மருமகளோடு இரண்டு நாள் பேசவில்லை. மாரிராஜோ ஆளே மாறிப்போனான். மேலுதட்டில் மீசையை ஒதுக்கினான். தறிக்கூடத்துப் பையன்களிடம், "பொணத்துக்கும் ஒரு மொகபாவம் இருக்குல்லா" என்று விளக்கம் சொன்னான்.

ராஜகுமாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவன் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கேட்டாள். "பரிசு வந்தா என் இஷ்டம்போல நடிக்கலாம்னு சொன்னீங்கல்லா?"

"சொன்னேன். பரிசு நீயா வாங்குன? நான்லா வாங்குனேன்."

"நீங்க தூங்குனீங்க."

"ஏட்டி, யாரு தூங்குனா? நான் பாத்திரத்துக்குள்ள போயிட்டேன்."

"பாத்திரத்துக்குள்ளயா? கொறட்டை சத்தம் எனக்குக் கேட்டுது."

"பேச்சுன்னா பேச்சுதான். தென்காசி முடியட்டும். அதோட சரி" என்று கையைக் கழுவிவிட்டான்.

அன்றைக்கு அவள் சுற்றிய தார் பூராவும் தொளதொளவென்று வந்தது. பக்கத்து மிஷினில் இருந்த நூருல் ஹுதா கட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, தாரா, புரோட்டாவா?" என்று கேட்டாள். ராஜகுமாரி எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

"எனக்குக் கேடயம்கூட வேண்டாம்ட்டி. மூணு பேரு உக்காந்து பாத்தாங்களே, அப்படி என்னத்தப் பாத்தாங்க? அது தெரியணும். அது தெரியாம எனக்குச் சோறு எறங்க மாட்டேங்கு."

"அதுக்கு ஏன் இங்கன உக்காந்து நூல நாசம் பண்ணுத? அதுல ஒரு ஜட்ஜு யூசுப் மாமா. புளியங்குடியில எலுமிச்சங்கா கமிஷன் கடை வச்சிருக்காங்க. எங்க வாப்பாவுக்கு நல்ல பழக்கம். வா, நேராவே போயி கேப்போம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் புளியங்குடிக்குப் பஸ் ஏறினார்கள். கமிஷன் கடையில் மஞ்சளும் பச்சையுமாக எலுமிச்சை மலை மாதிரி குவிந்து கிடந்தது. வாசம் மூக்கை அறுத்தது. ஏலம் முடிந்து முகம்மது யூசுப் டீ குடித்துக்கொண்டிருந்தார். நரைத்த தாடி, கணீரென்ற குரல். வாலிபத்தில் ராஜா வேஷம் கட்டினவர் என்று நூருல் ஹுதா வழியிலேயே சொல்லியிருந்தாள்.

"சண்டைக்கு வரல அண்ணாச்சி. எனக்கு ஒரு விவரம் தெரியணும். பொணத்துக்கு எதுக்குப் பரிசு குடுத்தீங்க?"

யூசுப் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "நீ அந்தப் பொஞ்சாதி வேஷம் போட்ட பிள்ளைல்லா? உக்காரும்மா. மத்த ரெண்டு பேரும் உங்க டைலருக்குத்தான்னு நின்னாங்க. நாந்தான் மல்லுக்கட்டி உன் வீட்டுக்காரருக்கு வாங்கிக் குடுத்தேன். எத்தனையோ நாடகம் பாத்தாச்சு. பொணம்னா கட்டையாக் கெடக்கும், இல்லன்னா கொசு கடிச்சு நெளியும். இவரு என்ன செஞ்சாரு? எல்லாச் சத்தமும் அடங்குன பொறவு மெள்ளக் கண்ணத் தொறந்து, 'இந்த வீடா என் வீடு'ங்க மாதிரி ஒரு பார்வை பாத்தாரு பாரு! நீ மூடவும் அப்படியே அடங்கிட்டாரு. யாரு எழுதுனா அந்த எடத்த?"

"ஒருத்தரும் எழுதல. அவரு தூங்கிட்டாரு. தறிக்காரருல்லா, சத்தம் நின்னதும் முழிச்சிட்டாரு."

யூசுப் சிரிக்க ஆரம்பித்தார். குவியலில் இருந்து நாலு காய் உருண்டு ஓடுகிற அளவுக்குக் குலுங்கிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப... மூடுனது?" என்று கேட்டார்.

"நாந்தான். வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? நாடகம் போயிருமே."

"அந்த வசனம்?"

"அதுவும் தன்னால வந்ததுதான்."

சிரிப்பு நின்றுவிட்டது. "அட அல்லாவே. தப்பான ஆளுக்குல்லா குடுத்துட்டோம்" என்றார்.

ராஜகுமாரி வந்ததே அடுத்த கேள்விக்காகத்தான். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டாள். "நான் எப்படி நடிச்சேன் அண்ணாச்சி?"

"உண்மையச் சொல்லட்டா? நீ நடிக்கன்னே எனக்குத் தோணல. எழவு வீட்டுல ஒரு பொம்பள அழுதா, நல்லா அழுதான்னு யாராவது மார்க்கு போடுவாங்களா? மனசு வெந்து உக்காந்திருந்தேன். பேனாவ எடுக்கவே இல்ல."

"அப்ப நல்லா நடிச்சா மார்க்கு கெடையாது, நடிச்ச மாதிரி தெரிஞ்சாத்தான் மார்க்கா? இது என்ன நியாயம்?"

யூசுப் உருண்டு கிடந்த காய் ஒன்றை எடுத்துக் குவியலில் போட்டார். "நியாயம் இல்லதாம்மா. பரிசு குடுக்கவன் கண்ணுக்குப் புதுசா என்ன தட்டுப்படுதோ அதுலதான் போயி விழும். குடுத்ததப் புடுங்க முடியாது. தென்காசியில நான் ஜட்ஜு இல்ல. ஆனா பாக்க வாரேன்" என்றார்.

திரும்பும்போது நூருல் ஹுதாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "தப்பான ஆளுக்குக் குடுத்துட்டோம்னு ஜட்ஜு வாயாலயே சொல்லிட்டாகல்லா? பொறவென்ன?" ராஜகுமாரிக்கும் பாதி சந்தோஷம்தான். மனசு வெந்தது என்று சொன்னவர் பேனாவை எடுத்திருக்கலாமே என்று இன்னொரு பாதி அரித்துக்கொண்டே வந்தது.

தென்காசிப் போட்டி ஒரு ஞாயிறு மதியம். கண்ணைத் திறக்கிற இடத்தைக் காசிராஜன் இப்போது நாடகத்தில் எழுதியே சேர்த்துவிட்டார். மாரிராஜ் இரண்டு நாள் ஷிப்டுக்கு லீவு போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, சவரம் செய்து, பவுடர் பூசிய பிணமாக வந்து நின்றான்.

"கண்ணத் தொறக்கது எப்படின்னு நான் கண்ணாடியில பாத்து வச்சிருக்கேன். நீங்க யாரும் பதறப்பிடாது" என்று எல்லோருக்கும் புத்தி சொன்னான்.

"தொறக்கது இருக்கட்டும். அதுவரைக்கும் மூடிக் கெடங்க" என்றாள் ராஜகுமாரி.

படுத்தான். தூக்கம் வரவில்லை. தம்பிமார் சண்டை முடிந்தது. ராஜகுமாரி அவன் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துப் போட்டு, ஒப்பாரி எடுத்தாள்.

*பஞ்சு தலையில ஒட்ட*
*பாதித் தூக்கம் கண்ணுல ஒட்ட*
*வாசல்ல வந்து நிப்பீங்களே – என் ராசா*
*வழி மறந்து போனதென்ன?*

*தறிச் சத்தம் கேட்டுக் கேட்டுக்*
*காது மங்கிப் போன மன்னா*
*நான் கூப்பிட்டாக் கேக்காதே – அந்த*
*எமன் கூப்பிட்டாக் கேட்டதென்ன?*

கல்யாணம் ஆன நாள் முதல் ஒரே வீட்டில் ஆளுக்கொரு நேரம் புழங்கியவர்கள். அவனுக்கு ஒரு காது மந்தம் என்று அவளுக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்த நாட்கள் எத்தனையோ என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் இன்னும் பாடினாள். ஒரு சட்டியில் ஆறிப்போகும் இரண்டு பேர் சோற்றைப் பாடினாள். அவன் படுத்தெழுந்த பாயில் சூடு ஆறுமுன்னே தான் படுத்துக்கொள்வதைப் பாடினாள்.

முதலில் மாலை ஆடியது. பிறகு நெற்றிக் காசு நழுவி விழுந்தது. மூடின கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

"ஏலே, பொணம் அழுவுதுலே!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது. ராஜகுமாரி விடவில்லை. முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்து, பாட்டோடு பாட்டாக, "போன எடத்துலயும் அழுகையா என் ராசா" என்று இழுத்தாள். சிரிப்பு அடங்கிற்று. பிழைத்தோம் என்று காசிராஜன் மூச்சு விட்டார். அந்த நேரத்தில் பிணம் எழுந்து உட்கார்ந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும்ட்டி. அழாத. இந்தா இருக்கேம்லா" என்றது.

அப்புறம் என்ன நாடகம்? அரங்கம் விசிலடித்துத் தீர்த்தது. கடைசி வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த யூசுப் மட்டும் சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். இவர்களுக்கு ஆறுதல் பரிசுகூடக் கிடைக்கவில்லை. ராயகிரிக்காரர்கள் பெரிய கேடயத்தோடு மேளம் அடித்துப் போனார்கள்.

வேனில் திரும்பினார்கள். சுரண்டை தாண்டும்வரை காசிராஜன் முன்சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டே வந்தார். "செத்தவன் எந்திரிச்ச பொறவு கொள்ளி யாரு வச்சா என்ன, வைக்காட்டா என்ன" என்று தனக்குத்தானே ஒரு தடவை சொல்லிக்கொண்டார். வெயில் தாழ்ந்து, சேர்ந்தமரம் பக்கம் காற்று நல்ல வீச்சாக வந்தது.

மாரிராஜ் பிடித்த இடத்தில் ராஜகுமாரியின் கை இன்னும் சுட்டது. இவனைத் திட்டுவதா, இல்லை வேறென்ன செய்வதா என்று அவளுக்கே புரியவில்லை. அவன் பவுடர் கரைந்த முகத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய நல்ல காதுப் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"அத்தான்."

"ம்."

"நான் எப்படி நடிச்சேன்?"

அவன் திரும்பினான். உதடு கோணிக்கொண்டு போயிற்று.

"சத்தியமாச் சொல்லுதேன்ட்டி. நான் செத்துட்டேன்னே நெனச்சிட்டேன். நீ தனியா கெடந்து அழுத, எனக்குத் தாங்கல."

ராஜகுமாரி முந்தானையால் அவன் முகத்துப் பவுடரை அழுந்தத் துடைத்துவிட்டு, முன்சீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"காசிராஜன் அண்ணாச்சி, அடுத்த நாடகத்துக்கு எம் பேர எழுதிக்கிடுங்க. பொணத்துக்கு வேற ஆளப் பாருங்க."

காசிராஜன் திரும்பி மாரிராஜைப் பார்த்தார். மாரிராஜ் வாயைத் திறக்கவில்லை.